முதல் கோப்பைக்கு முன்: பெல்ஜியம் வரும் பிள்ளைகளுக்குப் பதினான்கு புத்திமதிகள்

லூவனில் மேற்படிப்புக்கும் பிரஸ்ஸல்ஸில் கம்பெனி வேலைக்கும் வந்து இறங்கும் நம் பிள்ளைகள், வீடு பிடித்து, அரிசியும் பருப்பும் எங்கே கிடைக்கும் என்று விசாரித்து முடித்ததும், தயங்கித் தயங்கி ஒரு கேள்விக்கு வருவார்கள். "அங்கிள், இங்கே பீர் ரொம்ப விசேஷமாமே, எதிலேர்ந்து ஆரம்பிக்கலாம்?" நான் இந்த ஊரில் வெகுகாலமாகக் குடியிருப்பவன். 'குடி' என்ற பாதியை மட்டும் கேட்டுக்கொண்டு வருகிறார்களோ என்று சந்தேகம். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்வதற்குப் பதில் எல்லோருக்குமாக எழுதிவைக்கிறேன்.

பெல்ஜியம் பரப்பளவில் தமிழ்நாட்டின் கால் பங்குகூட இல்லை. ஆனால் 400க்கும் மேற்பட்ட பீர் ஆலைகள் இருக்கின்றன. பீர் வகைகள் ஏறத்தாழ 1,500 என்று கணக்கு. 2016ல் யுனெஸ்கோ இந்த நாட்டின் பீர் பண்பாட்டையே மனிதகுலத்தின் மரபுச் செல்வங்களில் ஒன்றாகச் சேர்த்துக்கொண்டது. இத்தனையையும் குடித்துப் பார்க்க ஆயுளும் போதாது, ஈரலும் போதாது. எதை இன்று விடுவது என்று தெரிந்தவருக்கே இங்கே ருசி பிடிபடும். கீழே உள்ளவை எல்லாம் அந்த ஒன்றைக் கற்றுக்கொள்ளத்தான். குடிப்பழக்கமே இல்லாதவர்கள் இதைப் படித்துவிட்டுத் தொடங்க வேண்டாம். அவர்களுக்கு வேறொரு முக்கியமான பொறுப்பு வைத்திருக்கிறேன், பின்னால் வரும்.

1. ஒரு மாலைக்கு மூன்று கோப்பை

ஊரில் 650 மில்லி பாட்டிலைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு, இங்கே வரும் 33 சென்டிலிட்டர் பாட்டில் குழந்தை மருந்துபோலத் தெரியும். ஏமாந்துவிடாதீர்கள். ரோஷ்ஃபோர் 10 என்ற பீரில் ஆல்கஹால் 11.3 சதவீதம். அதில் மூன்று பாட்டில் குடித்தால், 8 சதவீத 'ஸ்ட்ராங்' பெரிய பாட்டில் இரண்டைக் காலி செய்ததைவிட அதிகமாக உள்ளே போயிருக்கும். அதுவும் தேன்போல இறங்கும், எழுந்து நிற்கும்போதுதான் கணக்குத் தெரியும்.

பெல்ஜிய பீர் இவ்வளவு வீரியமானதற்கு ஒரு சட்டமும் காரணம் என்பார்கள். 1919ல் கொண்டுவந்த வாண்டர்வெல்டே சட்டம், கஃபேக்களில் சாராய வகைகளை விற்கக் கூடாது என்றது. காரத்துக்குப் பழகியவர்களை விட்டுவிட மனமில்லாமல் ஆலைக்காரர்கள் பீரின் வீரியத்தை ஏற்றினார்கள். சட்டம் 1980களில் போய்விட்டது, வீரியம் தங்கிவிட்டது.

உடம்பைவிட முதலில் களைப்பது நாக்கு. மூன்றாவது கோப்பைக்குப் பிறகு எல்லா பீரும் ஒரே பீர்தான். பல வகை பார்க்க ஆசையா? மூன்று பேராகப் போய் ஒவ்வொரு பாட்டிலையும் பங்குபோட்டுக்கொள்ளுங்கள். பல கடைகளில் 15 சென்டிலிட்டர் சிறு கோப்பையிலும் தருவார்கள்.

2. வரிசையைக் குலைக்காதீர்கள்

கச்சேரியில் துக்கடாவை முதலில் பாடி வர்ணத்தைக் கடைசியில் வைப்பதில்லை. லேசானது முதலில், கனமானது கடைசியில். முதல் மாலைக்கு நான் வழக்கமாகச் சொல்லும் வரிசை இது: தொடக்கத்தில் பிரஸ்ஸல்ஸ் நகரிலேயே தயாராகும் தாராஸ் பூல்பா, 4.5 சதவீதம், கசப்பு நிமிர்ந்து நிற்கும். அடுத்து சேசோன் டுபோன், 6.5 சதவீதம். வலோனியப் பண்ணைகளில் வேலையாட்களின் தாகத்துக்காகக் காய்ச்சிய மரபில் வந்தது, மிளகு தட்டியதுபோல ஒரு சுறுசுறுப்பு இருக்கும். முடிவில் ரோஷ்ஃபோர் 8, 9.2 சதவீதம், அத்திப்பழமும் கருகிய சர்க்கரையும் மணக்கும்.

இதையே தலைகீழாகக் குடித்துப் பாருங்கள், தாராஸ் பூல்பா வெறும் தண்ணீராகத் தெரியும். குற்றம் அதன்மேல் இல்லை.

3. 'கூலிங் இருக்கா?' என்று கேட்காதீர்கள்

நம் ஊர் வெயிலுக்கு அந்தக் கேள்வி நியாயம்தான். இங்கே அது செல்லாது. கடுங்குளிர் நாக்கை மரக்கச் செய்துவிடும், மணமும் மேலே எழும்பாது. லேசான பில்ஸ்னர் வகைகளை 3 முதல் 5 டிகிரியில் குடிக்கலாம். அடர்நிற, வீரியமான வகைகளை 10 முதல் 14 டிகிரி செல்சியஸில் பரிமாறுவார்கள். தொட்டுப் பார்த்தால் லேசான குளிர்ச்சி, அவ்வளவுதான். பரிமாறுபவர் ஃபிரிட்ஜை மறந்துவிட்டார் என்று நினைத்துச் சண்டைக்குப் போகாதீர்கள்.

முதல் வாயை வந்தவுடன் குடியுங்கள், கடைசி வாயை அரை மணி கழித்துக் குடியுங்கள். இரண்டும் ஒரே கோப்பையில் வந்தவை என்று நம்பமுடியாது. அந்த அரை மணி நேரத்தில் கோப்பைக்குள் நடப்பதைக் கவனிப்பதுதான் இங்கே பீர் குடிப்பது.

4. நுரையைத் திருட்டு என்று நினைக்காதீர்கள்

கோப்பையைச் சாய்த்து, ஓரமாக வழியவிட்டு, நுரையே எழாமல் ஊற்றுபவரை நம்மில் கெட்டிக்காரர் என்போம். நுரையாக நிற்கும் ஒவ்வொரு விரற்கடையையும் கடைக்காரன் அடித்த கொள்ளையாகப் பார்த்துப் பழகிவிட்டோம். இங்கே இரண்டு விரல் உயரமாவது நுரை நிற்காவிட்டால் பரிமாறியவருக்கே அவமானம். ஹாப்ஸ் பூவின் எண்ணெய் மணம் நுரையில்தான் தங்குகிறது, காற்றுப் படாமல் மூடியாக நின்று பீரைக் காப்பதும் அதுதான். டுவெல் பீரின் வயிறு பெருத்த கோப்பை, ஒரு முழு பாட்டிலையும் அதன் நுரையையும் சேர்த்து அடக்குவதற்கென்றே வடித்தது.

பாட்டிலின் அடியில் ஈஸ்ட் படிந்திருக்கும். பல பெல்ஜிய பீர்கள் பாட்டிலுக்குள்ளேயே இரண்டாம் முறை நொதிக்கின்றன, அதன் வண்டல் அது. பாட்டிலைக் குலுக்காமல் ஒரே மூச்சில் ஊற்றி, கடைசி ஒரு சென்டிமீட்டரை விட்டுவிடுங்கள். வண்டலைத் தனியே குடித்துப் பார்ப்பவர்களும் உண்டு. கலங்கல் கெட்டுப்போனதன் அடையாளம் இல்லை. வயிறு இளகியவர்கள் மட்டும் மறுநாள் காலைக் கூட்டங்களை மனத்தில் வைத்து முடிவெடுக்கவும்.

5. கோப்பைக்கும் மரியாதை கொடுங்கள்

ஒவ்வொரு பீருக்கும் தனிக் கோப்பை உண்டு. கிண்ணம்போல அகன்றது, துலிப் பூப்போல ஒடுங்கியது, நெட்டையானது, குட்டையானது. பீர் காய்ச்சும் ஓர்வல் மடத்தின் கோப்பையை வரைந்தவர், அந்த மடத்தையே புதுப்பித்துக் கட்டிய கட்டடக்கலைஞர் ஹென்றி வாஸ். உரிய கோப்பை கைவசம் இல்லாவிட்டால், வேறொன்றில் தரலாமா என்று சில கடைகளில் வருத்தத்தோடு கேட்பார்கள். பெருந்தன்மையாகத் தலையசையுங்கள்.

குவாக் என்றொரு பீர், மரச் சட்டத்தில் மாட்டிய குடுவையில் வரும். அடி உருண்டை, நடு ஒடுக்கம். குதிரைவண்டிக்காரர்கள் வண்டியை விட்டு இறங்காமல் குடிக்கச் செய்தது என்று ஒரு கதை சொல்வார்கள். முடியும் தறுவாயில் நடுக்கழுத்தில் காற்று புகுந்து, மிச்ச பீர் பளாரென்று முகத்தில் அடிக்கும். குடுவையை மெல்லத் திருகிக்கொண்டே சாய்க்க வேண்டும். பக்கத்து மேசைக்காரர்கள் உங்களையே பார்த்துக்கொண்டிருப்பார்கள், அந்தச் சந்தோஷத்தை அவர்களுக்குக் கொடுக்காதீர்கள்.

கென்ட் நகரின் வெள்ளிக்கிழமைச் சந்தைச் சதுக்கத்தில் டுல்லே கிரீட் என்ற பழைய கஃபே இருக்கிறது. அங்கே 1.2 லிட்டர் பிடிக்கும் பெருங்கோப்பை வேண்டுமென்றால் காலிலிருந்து ஒரு ஷூவைக் கழற்றி ஈடாகக் கொடுக்க வேண்டும். அதைக் கூடையில் போட்டுக் கூரைக்கு ஏற்றிவிடுவார்கள், கோப்பையைத் திருப்பிக் கொடுத்தால்தான் ஷூ இறங்கும். நண்பர் ஒருவர் வீறாப்பாகக் கழற்றினார். காலுறையின் ஓட்டை வழியே பெருவிரல் வெளியே வந்து சபைக்கு வணக்கம் சொன்னது. அந்தக் கோப்பையை நான்கு பேர் பகிர்ந்து குடித்தோம். நீங்களும் அப்படியே செய்யுங்கள், நல்ல காலுறையாகப் போட்டுக்கொண்டு போங்கள்.

6. கோதுமையில் தொடங்குங்கள்

நம் நாக்குக்கு எளிதாக நட்பாவது வெள்ளை பீர் என்னும் கோதுமை பீர். அதில் போடுவது என்ன தெரியுமா? கொத்தமல்லி விதையும் காய்ந்த ஆரஞ்சுத் தோலும். சாம்பார்ப் பொடி அரைக்கும் வீட்டிலிருந்து வந்தவருக்கு முதல் மோப்பத்திலேயே பிடிபட்டுவிடும்.

இந்த வகை ஒரு காலத்தில் செத்தே போயிருந்தது. ஹூகார்டன் ஊரின் கடைசி வெள்ளை பீர் ஆலை 1950களின் நடுவில் மூடப்பட்டது. இளவயதில் அந்த ஆலையில் எடுபிடி வேலை செய்திருந்த பியேர் செலிஸ் என்ற பால்காரர், ஞாபகத்தில் இருந்ததை வைத்து 1966ல் மறுபடி காய்ச்சத் தொடங்கினார். 1985ல் ஆலை தீப்பிடித்தது. திரும்பக் கட்டப் பணம் கொடுத்த பெரிய நிறுவனத்தோடு பின்னால் ஒத்துப்போகாமல், அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்துக்குப் போய் அங்கேயும் வெள்ளை பீர் காய்ச்சினார். இன்று உலகத்தில் எங்கே கொத்தமல்லி போட்ட கோதுமை பீர் குடித்தாலும் அது அந்தப் பால்காரரின் புண்ணியம்.

7. புளிப்புக்கு மூன்று வாய்ப்பு கொடுங்கள்

பிரஸ்ஸல்ஸ் நகரமும் அதைச் சுற்றிய சென் ஆற்றுப் பள்ளத்தாக்கும் லாம்பிக்கின் தாய்வீடு. இதற்கு ஈஸ்ட் வாங்கிப் போடுவதில்லை. கொதித்த பார்லி, கோதுமைச் சாற்றை மாடியில் அகலமான செப்புத் தொட்டியில் ஊற்றி ஓர் இரவு ஆறவிடுவார்கள். இரவுக் காற்றில் வரும் நுண்ணுயிர்களும் பீப்பாய் மரத்தில் குடியிருப்பவையும் வேலையைத் தொடங்கும். பிறகு ஒன்று, இரண்டு, மூன்று ஆண்டுகள் பீப்பாயில் கிடக்கும். இளசையும் முற்றலையும் கலந்து பாட்டிலில் மறுபடி நொதிக்கவிட்டால் அது கூஸ். புளிப்புச் செர்ரிப் பழங்களை ஊறப்போட்டால் கிரீக்.

அதைப் பார்க்க அந்தர்லெக்ட் பகுதியில் காந்தியோன் ஆலைக்குப் போங்கள். 1900ல் தொடங்கியது, 1978லிருந்து அருங்காட்சியகமாகவும் நடக்கிறது. பிரஸ்ஸல்ஸ் மிடி ரயில் நிலையத்திலிருந்து நடந்தே போய்விடலாம். குளிர்மாதங்களில் மட்டுமே காய்ச்சுவார்கள், கோடைக் காற்றில் வேண்டாத கிருமிகள் அதிகம். பீப்பாய்களுக்கு நடுவே சிலந்தி வலைகள் தொங்கும். அவற்றைக் கலைக்கமாட்டார்கள், பழத்தைத் தேடி வரும் பூச்சிகளைச் சிலந்திகள் பார்த்துக்கொள்கின்றன. துடைப்பத்தோடு வளர்ந்த நம் அம்மாக்களைக் கூட்டிப் போனால் சிரமம்.

கூஸின் முதல் வாயில் முகம் எலுமிச்சை கடித்ததுபோலச் சுருங்கும். "கெட்டுப்போச்சு" என்று தோன்றும். வேறு வேறு நாட்களில் மூன்று தடவை குடித்துப் பாருங்கள். புளியும் மோரும் பழகிய நாக்குக்கு மூன்றாவது தடவையில் கட்டாயம் கதவு திறக்கும். அப்போதும் பிடிக்கவில்லையென்றால் விட்டுவிடுங்கள், யாருக்கும் நீங்கள் கடன்பட்டிருக்கவில்லை.

8. துறவியின் படம் போட்டதெல்லாம் துறவி காய்ச்சியதில்லை

லேபிளில் மடம், மணிக்கூண்டு, கன்னம் சிவந்த சாமியார் இருந்தால் 'அபே' பீர். பெரும்பாலும் மடத்தின் பெயரை உரிமம் வாங்கிக்கொண்டு ஆலைகள் காய்ச்சுவது. அவற்றிலும் நல்லவை உண்டு. 'டிராப்பிஸ்ட்' என்பது வேறு சங்கதி. அறுகோண முத்திரை இருக்கும். அதற்கு மூன்று நிபந்தனைகள்: மடத்தின் சுவர்களுக்குள் துறவிகளின் மேற்பார்வையில் காய்ச்ச வேண்டும், துறவு வாழ்க்கைக்குப் பிறகுதான் ஆலை, வருமானம் மடத்தின் பிழைப்புக்குப் போக மிச்சம் தருமத்துக்கு. ஆகெல் மடத்தில் கடைசித் துறவிகளும் கிளம்பிப் போனதும் அந்த பீர் 2021ல் முத்திரையை இழந்தது. இப்போது பெல்ஜியத்தில் ஐந்து: வெஸ்ட்மாலே, வெஸ்ட்ஃப்ளேட்டரன், ஷிமே, ஓர்வல், ரோஷ்ஃபோர்.

ஐந்தில் ஒன்றைத்தான் பழகமுடியும் என்றால் ஓர்வலைப் பழகுங்கள். பாட்டிலில் அடைக்கும்போது பிரெட்டனோமைசிஸ் என்ற காட்டு ஈஸ்ட்டைச் சேர்க்கிறார்கள். அது பாட்டிலுக்குள் மெதுவாகத் தின்றுகொண்டே இருக்கும். புதிதில் ஹாப்ஸின் பூமணமும் கசப்பும். ஆறு மாதம், ஒரு வருடம் போனால் இனிப்பு வற்றி, தோல், வைக்கோல், பழைய பரண் மணமெல்லாம் வரும். லேபிளில் அடைத்த தேதி இருக்கும். புதியதொன்று, பழையதொன்று வாங்கி அருகருகே வைத்துக் குடித்துப் பாருங்கள். பீரைப் பற்றி நான் சொல்வதற்கு மேல் அந்த இரண்டு பாட்டில்கள் சொல்லிவிடும்.

9. புகழுக்குப் பின்னால் ஓடாதீர்கள்

வெஸ்ட்ஃப்ளேட்டரன் 12 உலகத்திலேயே சிறந்தது என்று 2005ல் ரேட்பீர் தளத்தின் ரசிகர்கள் வாக்களித்தார்கள். மடத்து வாசலில் கார்கள் வரிசைகட்டின. வேறு யாராக இருந்தாலும் இரண்டாவது ஆலை கட்டியிருப்பார்கள். அந்தத் துறவிகள் விற்பனையை ஏற்ற மறுத்துவிட்டார்கள். வாழ்வதற்குப் போதுமான அளவே காய்ச்சுவோம் என்பது அவர்கள் கட்சி. முன்பதிவு செய்துதான் வாங்க வேண்டும், மறுவிற்பனை கூடாது என்பது அவர்கள் விதி. இருந்தும் நகரத்துச் சுற்றுலாக் கடைகளில் பல மடங்கு விலையில் அது கண்ணாடிக்குப் பின்னால் சிரிக்கும். வாங்காதீர்கள். மடத்துக்கு எதிரே இருக்கும் இன் டெ வ்ரேடே கஃபேயில் உட்கார்ந்து நியாயமான விலைக்குக் குடிக்கலாம்.

போக வசதியில்லையா? பக்கத்து ஊரான வாட்டோவின் சின்ட் பெர்னார்டஸ் ஆலை, 1946லிருந்து 1992 வரை இதே மடத்துக்காக உரிமத்தின் பேரில் காய்ச்சிக்கொண்டிருந்தது. அவர்களுடைய அப்ட் 12, 10 சதவீதம், சாதாரண கடைகளிலேயே கிடைக்கிறது. கண்ணைக் கட்டிக்கொண்டு இரண்டையும் குடித்துவிட்டு எது எது என்று சரியாகச் சொன்னவர்களை நான் அதிகம் பார்த்ததில்லை. சொல்லத் தெரியாதவர்கள்தான் அதிக விலை கொடுத்தவர்கள்.

10. உட்காருங்கள், காத்திருங்கள், கேளுங்கள்

பிரஸ்ஸல்ஸில் டெலிரியம் கஃபேக்கு எல்லோரும் போவார்கள். 2004ல், 2,004 வகை பீர் வைத்திருந்து கின்னஸில் ஏறிய இடம். ஒரு தடவை போய் அதன் சின்னமான இளஞ்சிவப்பு யானையோடு படம் எடுத்துக்கொள்ளுங்கள். பாடம் கற்க அமைதியான இடம் வேண்டும்: பிரஸ்ஸல்ஸில் மூடர் லாம்பிக், புரூஜ் நகரில் 1983லிருந்து நடக்கும் 'ட் புரூக்ஸ் பேர்ட்யே.

நுழைந்ததும் வணக்கம் சொல்லுங்கள். பிரஸ்ஸல்ஸில் 'போன்ஜூர்', ஃபிளாண்டர்ஸ் பக்கம் 'கூடெதாக்'. மேசையில் அமர்ந்து காத்திருங்கள், கையைத் தட்டிக் கூப்பிடாதீர்கள். "எது பெஸ்ட்?" என்று கேட்டால் எதையோ நீட்டுவார்கள். "கசப்பு பிடிக்கும், இனிப்பு ஆகாது, இதுவரை இன்னது குடித்திருக்கிறேன்" என்று சொல்லிப் பாருங்கள், அவர் முகம் மலரும். சில நேரம் அடித்தளத்துக்கு இறங்கிப்போய் மெனுவில் இல்லாததைக் கொண்டுவருவார்கள்.

தம்பிகளுக்குத் தனியாக ஒன்று. கூட வரும் பெண்களுக்கு அவர்களைக் கேட்காமலே செர்ரி பீர் சொல்லாதீர்கள். எனக்குத் தெரிந்த கூட்டத்தில் 11 சதவீதத்தை நிதானமாக ரசித்தவர் ஒரு தங்கை. பழரசம் கேட்டு வாங்கியவர்கள் அவளுக்கு அறிவுரை சொல்ல வந்த மூன்று வீரர்கள்.

11. சைடு டிஷ்ஷை மாற்றுங்கள்

மிளகாய்த் தூள் தூவிய கடலையும் சில்லி சிக்கனும் மட்டமான பீரை மறைக்கக் கண்டுபிடித்தவை. நல்ல பீரையும் மறைத்துவிடும். இங்கே பழக்கம், சதுரமாக நறுக்கிய சீஸ், தொட்டுக்கொள்ளக் கடுகு விழுது, செலரி உப்பு. ஷிமே, ஓர்வல், வெஸ்ட்மாலே மடங்கள் சீஸும் செய்கின்றன, அந்தந்த பீரோடு அந்தந்த சீஸ் சேரும். லாம்பிக்குக்கு ரொட்டியில் வெண்ணிறத் தயிர்ச்சீஸ் தடவி, முள்ளங்கி வட்டங்களை அடுக்கித் தருவார்கள். மாமிசம் சாப்பிடுபவர்கள் அடர் பீரில் வெந்த மாட்டிறைச்சிக் குழம்பைத் தவறவிட வேண்டாம்.

சைவர்களுக்கு எச்சரிக்கை: பெல்ஜியத்தின் பெருமையான உருளைக்கிழங்கு ஃபிரைட்ஸை மரபுப்படி மாட்டுக் கொழுப்பில்தான் பொரிப்பார்கள். எண்ணெயா, கொழுப்பா என்று கேட்டுவிட்டுக் கை வையுங்கள். வெறும் வயிற்றில் யாரும் எதையும் குடிக்கக் கூடாது. ஒவ்வொரு கோப்பைக்கும் நடுவே ஒரு கோப்பை தண்ணீர். தண்ணீருக்கும் இங்கே காசு வாங்குவார்கள், முனகாமல் கொடுங்கள்.

12. எழுதிவையுங்கள், தமிழில் எழுதுங்கள்

மறுநாள் எந்த பீரும் ஞாபகம் இருக்காது. ஒரு சின்ன நோட்டு போதும். பெயர், சதவீதம், இடம், மூன்று வரி. பெல்ஜிய பீரை உலகத்துக்கு அறிமுகம் செய்த மைக்கேல் ஜாக்சன் ஒரு நோட்டுக்காரர்தான். பாடகர் இல்லை, 1977ல் உலக பீர் வழிகாட்டி எழுதிய ஆங்கிலேயர். அவர் அறியாத சுவைகள் உங்களுக்குத் தெரியும். நெல்லிக்காய், கருப்பட்டி, வெந்தயம், மழை பெய்த மண் என்று எழுதுங்கள். கருந்திராட்சையும் டாஃபியும் உங்கள் பாட்டி வீட்டில் இல்லையென்றால் அவற்றை எழுதாதீர்கள்.

கூடவே காரணத்தையும் விசாரியுங்கள். கிராம்பு வாசனை வந்தால் யாரும் கிராம்பு போட்டிருக்கமாட்டார்கள், வாழைப்பழம் மணந்தால் பழம் போட்டிருக்கமாட்டார்கள். இரண்டும் பெரும்பாலும் ஈஸ்ட்டின் கைவரிசை. டுபெல் வகையின் கருஞ்சிவப்பும் உலர்பழ மணமும் கருக்கிய சர்க்கரைப் பாகின் கொடை. காரணம் தெரிந்தால் அடுத்த பீரைத் தேர்ந்தெடுப்பது பாதி முடிந்தது.

13. ரயிலில் போங்கள், குடிக்காத நண்பரைக் கூட்டிப் போங்கள்

வண்டி ஓட்டுபவருக்கு இங்கே வரம்பு ஒரு லிட்டர் ரத்தத்தில் 0.5 கிராம். டிரிபெல் என்ற வீரியமான வகையில் ஒரு பாட்டிலே உங்களை அங்கே கொண்டுபோய் நிறுத்திவிடலாம். கணக்குப் போட்டுக்கொண்டிருக்காமல் ரயில் ஏறுங்கள். பிரஸ்ஸல்ஸ், கென்ட், புரூஜ், லூவன் எல்லாம் ஒரே நாளில் போய்த் திரும்பும் தூரம். புரூஜில் இறங்கினால் ஹால்வெ மான் ஆலையைப் பாருங்கள். பழைய நகரத்தின் கல்தெருக்களில் டேங்கர் லாரி ஓட வேண்டாம் என்று, ஊருக்கு வெளியே பாட்டிலில் அடைக்கும் இடம்வரை மூன்று கிலோமீட்டருக்கு மேல் மண்ணுக்கடியில் குழாய் பதித்து, 2016லிருந்து பீரை அனுப்புகிறார்கள். பணம் போட்டு உதவிய ஊர்க்காரர்களுக்கு ஆயுள் முழுக்க பீர். குழாய் எங்கே கசிகிறது என்று தேடிய தமிழர்களும் உண்டு, கசியவில்லை.

மடங்கள் இருக்கும் காட்டுப்பகுதிக்குக் கார் வேண்டும். அங்கேதான் குடிக்காதவர் வருகிறார். 1995ல் பெல்ஜியத்தில் தொடங்கிய பிரசாரத்தின் பெயரால், ஓட்டுவதற்காகக் குடிக்காமல் இருப்பவரை 'பாப்' என்பார்கள். எங்கள் கூட்டத்தின் பாப், வாழ்நாளில் ஒரு சொட்டும் தொடாத மதுரைக்காரர். ஒவ்வொரு கோப்பையையும் வாங்கி முகர்ந்து பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுப்பார். இப்போது கண்ணை மூடிக்கொண்டு ஐந்து மடங்களையும் மூக்காலேயே பிரித்துச் சொல்கிறார். நாக்கு களைக்காததால் அவருக்கு மட்டும் எல்லாம் ஞாபகம் இருக்கிறது. அப்படி ஒருவர் கிடைத்தால் சாப்பாட்டுச் செலவு முழுக்க உங்களுடையது.

14. ஊருக்குப் போகும்போது ஆறு பாட்டில்

இந்தியச் சுங்கத்தில் வரியில்லாமல் அனுமதிக்கும் மது 2 லிட்டர். 33 சென்டிலிட்டரில் ஆறு பாட்டில் என்றால் 1.98 லிட்டர். யாரோ பெல்ஜியத்துக்காகவே அளந்துவைத்தது போலிருக்கும். இத்தனை மாதம் படித்ததற்கு அந்த ஆறுதான் பரீட்சை. என் பட்டியல்: ஓர்வல் இரண்டு, ஒன்று உடனே திறக்க, ஒன்று ஒரு வருடம் பொறுக்க. சேசோன் டுபோன் ஒன்று. வெஸ்ட்மாலே டிரிபெல் ஒன்று, 9.5 சதவீதம். ரோஷ்ஃபோர் 10 ஒன்று. கூஸ் ஒன்று. உங்கள் நோட்டு வேறு ஆறைச் சொன்னால் என் பட்டியலைக் கிழித்துப் போடுங்கள்.

கைப்பையில் விடமாட்டார்கள், பெரிய பெட்டியில் துணிகளுக்கு நடுவே ஒவ்வொன்றையும் காலுறைக்குள் நுழைத்து வையுங்கள். வீட்டுக்குப் போனதும் வெளிச்சம் படாத இடத்தில் இரண்டு நாள் நிமிர்த்தி வைத்தால் வண்டல் அடங்கும். சென்னைச் சூட்டில் அலமாரி உதவாது, ஃபிரிட்ஜின் கதவுப் பக்கம் போதும். குடிப்பதற்குக் கால் மணி முன்னால் வெளியே எடுங்கள்.

மாமனாருக்கு ஒன்று கொடுக்கலாமா என்றும் கேட்பார்கள். தாராளமாகக் கொடுக்கலாம். ஐஸ் போடமாட்டேன், சோடா கலக்கமாட்டேன் என்று முதலில் சத்தியம் வாங்கிக்கொள்ளுங்கள். மறுத்தால் அவருக்கு விமான நிலையத்தில் நல்ல சாக்லேட் கிடைக்கிறது.